நோயுற்ற குழந்தையும் வழிச்செலவும்

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. இந்நாடு பெருமை கொள்ளத்தக்க ஏற்பாடு இது. ஆயினும், சிகிச்சை இலவசமாக இருக்கவும், அதனைச் சென்றடையப் பணமின்றித் தவிக்கும் குடும்பங்கள் கிராமங்களிலே உள்ளன. பட்டினத்தில் வாழ்வோர் இதனை எளிதில் உணர்வதில்லை.

வன்னிக் கிராமம் ஒன்றிலே கூலிவேலை செய்து சீவிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தந்தை உழைத்த நாளுக்கே கூலி உண்டு. பிள்ளைகள் மூவர். கடைசிக் குழந்தை பால் குடிக்கும்போது களைத்து வியர்க்கின்றது, நிறை கூடவில்லை, அடிக்கடி சளிச்சுரம் காண்கின்றது. குழந்தையின் இருதயத்திலே துவாரம் இருப்பதாக வைத்தியர் கூறுகின்றார். இத்தகைய துவாரங்களிற் சிறியவை பல தாமாகவே மூடிவிடும். பெரியதாயின் உரிய காலத்தில் அதனை அடைத்தல் வேண்டும். தாமதித்தால் நுரையீரலின் குருதிக் குழாய்கள் சீர்கெட்டு, பின்னர் சத்திரசிகிச்சையே செய்ய இயலாத நிலை வந்துவிடக்கூடும்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் காலையிற் சேர வேண்டுமாயின் முதல்நாள் இரவே பஸ் வண்டி ஏறுதல் வேண்டும். குழந்தையை அனுமதித்தால் தாய் அதனோடு தங்குவாள். தந்தை வெளியே தங்கவும் உண்ணவும் பணம் வேண்டும். அத்தனை நாட்களும் கூலியும் இல்லை. கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்க நேர்வதும் உண்டு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பலர் இச்சுமையை அனுபவித்தனர். பேத்தியாரிடம் விடப்பட்ட மூத்த பிள்ளைகளின் படிப்பும் இதனாற் குழம்புகின்றது.

முதற் பயணத்துக்குத் தாயின் தோடு ஈடு வைக்கப்படுகின்றது. இரண்டாம் பயணத்துக்கு நுண்கடன் பெறப்படுகின்றது. மூன்றாவது தவணைக்குப் போக வழியில்லை. கிளினிக் நாள் தவறியதைக் கண்டோர், பெற்றோரின் அசட்டை என்று குறை கூறுவர். அது அசட்டையன்று, பஸ் கட்டணம் இல்லை என்று வாய்திறந்து சொல்ல நாணிய மௌனமே அது.

இக்குடும்பத்துக்கு உதவும் வழிகள் இல்லாமல் இல்லை. 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சனாதிபதி நிதியம், குறைந்த வருமானமுடையோரின் வைத்தியச் செலவுக்கு உதவி வழங்குகின்றது. முன்னர் இதன்பொருட்டுக் கொழும்பையே நாடவேண்டியிருந்தது. 2025 ஆம் ஆண்டிலிருந்து பிரதேச செயலகங்களிலும் விண்ணப்பிக்க வசதி செய்யப்பட்டுள்ளது. ஆனால் படிவம் நிரப்புதல், வைத்தியரின் சான்றும் வருமானச் சான்றும் பெறுதல் ஆகியவை எழுத்தறிவு குறைந்த பெற்றோருக்கு மலைப்பைத் தருவன. படித்த அயலவர் ஒருவர் அரைநாளை ஒதுக்கி அவர்களோடு கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் செல்வாராயின், அது ஒரு பணமுடிப்புக்கு நிகரான உதவியாகும். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் முதற் பயணத்திலே உடன் செல்வதும் அத்தகையதே. வைத்தியர் சொன்னதை விளங்காது திரும்பும் தாய், வழிநெடுக அஞ்சிக்கொண்டே வருவாள்.

எஞ்சிய செலவைக் கிராமமே தாங்கலாம். கிராமங்களில் மரண சகாய சங்கம் உண்டு. ஒருவர் இறந்தால் ஊரார் கூடிச் செலவைப் பகிர்ந்து கொள்கின்றனர். இறந்தவரை அடக்கஞ் செய்யக் கூடும் கைகள், நோயுற்ற குழந்தையை வாழவைக்கவும் கூடலாமன்றோ? சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, கணக்கெழுதி, கிளினிக் தவணைக்கு முதல்நாளே வழிச்செலவைக் கொடுக்கலாம். தாய் இல்லாத நாட்களில் மூத்த பிள்ளைகளுக்கு உணவளித்து, அவர்களைப் பாடசாலைக்கு அனுப்புவது அயல்வீட்டாரால் ஆகக்கூடிய காரியம்.

இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, கொடுக்கும் முறை. குழந்தையின் படத்தை ஊரெங்கும் காட்டிப் பணம் திரட்டினால், பெற்றோர் தலைகுனிவர். பின்னாளில் அப்பிள்ளையும் அதனை அறிந்து வருந்தும். மற்றது, கொடுக்கும் காலம். சத்திரசிகிச்சை என்றதும் முதல் வாரத்திலே பலர் ஓடிவந்து உதவுவர். ஆனால் சத்திரசிகிச்சையின் பின்னும் குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். அப்போதுதான் ஊரின் நினைவு தளர்ந்துவிடுகின்றது. ஒருமுறை கொடுக்கும் பெருந்தொகையினும், ஒவ்வொரு தவணைக்கும் தவறாது வரும் சிறுதொகையே அக்குடும்பத்தைக் கடனிலிருந்து காக்கும்.

வைத்தியரின் அறிவையும் மருந்தையும் அரசாங்கம் தருகின்றது. கிராமத்து வீட்டிலிருந்து வைத்தியசாலை வாசல்வரை உள்ள வழியைத் தரவேண்டியவர்கள் அயலவர்களே. இனி வரும் மாதத்தில் எந்த வீட்டுக் குழந்தைக்குக் கிளினிக் நாள் என்று ஒவ்வோர் ஊரும் விசாரித்து அறிதல் வேண்டும்.