ஆனந்த ரங்கப் பிள்ளையும் எங்க வீட்டு மாதக் காலண்டரும்

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "தினமும் ஏதாவது ஒரு நல்ல பழக்கம்னு ஆரம்பிக்கிறேன், பத்து நாள்ல விட்டுடறேன். என்ன செய்யறது?" இதுல நான் எக்ஸ்பர்ட் எல்லாம் இல்லை. நானும் விட்டவன்தான். அதனால எப்படி விட்டேன்ங்கிறதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போன்ல ஒரு ஹேபிட் ஆப் வச்சிருந்தேன். ஆறு பழக்கம். தண்ணி, நடை, புத்தகம், கோடிங் பிராக்டிஸ், தியானம், டைரி. தினமும் ஆறுக்கும் டிக் போட்டா ஸ்ட்ரீக் ஒண்ணு ஏறும். 143 நாள் விடாமப் போச்சு. 144வது நாள் அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரெண்டு நாள் கழிச்சு ஆப்பைத் திறந்தா, பெரிய எழுத்துல பூஜ்யம். அங்கேயே, வராண்டா பெஞ்சுல உட்கார்ந்தபடியே ஆப்பை அழிச்சேன். அதோட ஆறும் போச்சு. 143 நாள் தவறாம நடந்தவன், அடுத்த நாலு மாசம் தெருமுனை வரைக்கும்கூட நடக்கலை. யோசிச்சுப் பார்த்தா, நான் பழகினது நடக்கிறதை இல்லை, டிக் போடுறதை.

அதே ஆஸ்பத்திரியில இன்னொண்ணு நடந்தது. டாக்டர் கேட்டாங்க, "கால் வீக்கம் எப்போ ஆரம்பிச்சது? பிரஷர் மாத்திரை எப்போ மாத்தினீங்க?" நான் டக்குனு, "ஒரு வாரம் இருக்கும் டாக்டர்"னு சொல்லிட்டேன். அம்மா என் கையைப் பிடிச்சு, "உனக்கு என்னடா தெரியும். வீட்டுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்துட்டு வா"ன்னாங்க.

முத்தாபுதுப்பேட்டையில எங்க வீட்டு சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு மாதக் காலண்டர் தொங்கும். மளிகைக் கடையில கொடுத்தது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலயும் அம்மா பால் கணக்கு எழுதுவாங்க. அரை லிட்டரா, ஒரு லிட்டரா, அன்னிக்குப் பால் வரலையா. சிலிண்டர் வந்த நாள், தண்ணி கேன், சீட்டுப் பணம் எல்லாம் அதுலதான். அந்தக் கட்டங்களுக்கு நடுவுல ஒரு இடத்துல "புது மாத்திரை"ன்னு இருந்தது. அஞ்சு நாள் தள்ளி, "அப்பா கால் வீக்கம்". நான் ஒரு வாரம்னு சொன்ன வீக்கத்துக்கு அன்னியோட பத்தொன்பது நாள். போட்டோ எடுத்து அனுப்பினேன். டாக்டர் பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, பிரஷர் மாத்திரைகள்ல ஒரு வகை சிலருக்குக் கணுக்கால் வீக்கம் கொடுக்கும், இந்த வீக்கத்துக்கு அதுவும் காரணமா இருக்கலாம்னு சொல்லி வேற மாத்திரை எழுதினாங்க. அப்பா இப்போ நல்லா இருக்கார்.

எங்க அம்மாவுக்கு ஹேபிட்ங்கிற வார்த்தையே தேவைப்பட்டது இல்லை. காலண்டர்ல வெறும் கட்டங்களும் நிறைய இருக்கு. ஊருக்குப் போன நாள், கல்யாணத்துக்குப் போன நாள் எல்லாம் காலி. திரும்பி வந்ததும் அன்னிக்குத் தேதியில இருந்து மறுபடி எழுதறாங்க, அவ்வளவுதான்.

இப்போ கொஞ்சம் பழைய கதை. ஆவடியில ரயில் ஏறி சென்ட்ரல் போற எல்லாரும் தினமும் பெரம்பூரைத் தாண்டிப் போறோம். அந்தப் பெரம்பூர்ல 1709ல பிறந்தவர் ஆனந்த ரங்கப் பிள்ளை. குடும்பம் புதுச்சேரிக்குப் போயிடுச்சு. அவர் அங்க வியாபாரி ஆனார், 1747ல பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவோட தலைமை துபாஷி ஆனார். இதெல்லாம் ஸ்கூல் புத்தகத்துலயே உண்டு. நான் சொல்ல வந்தது அவரோட நாட்குறிப்பை. 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, அவர் கணக்குல நள வருஷம் ஆவணி மாசம், எழுத ஆரம்பிக்கிறார். 1761 ஜனவரி 12ஆம் தேதி இறந்து போறார். கிட்டத்தட்ட 25 வருஷம்.

ஆரம்பத்துல அவர் வச்சுக்கிட்ட இலக்கைப் பாருங்க. காதுல கேட்டது, கண்ணுல பார்த்தது, கப்பல் வந்தது, போனது. இவ்வளவுதான். வரலாறு எழுதறேன்னு அவர் உட்காரலை. துணி வியாபாரம், பாக்குக் கிடங்குல வந்து பேசினவங்க, கவர்னர் வீட்டுல யாருக்கு யார் மேல கோபம், சகுனம், ஜாதகம், வம்பு எல்லாம் இருக்கு. தன்னைப் பத்திக் கொஞ்சம் தாராளமாவே புகழ்ந்துக்கிறார், அதையும் சொல்லிடறேன். 1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சதும் அதே நோட்டுலதான் வருது. இன்னிக்கு நம்ம கைக்குக் கிடைச்சிருக்கிற நாட்குறிப்புல இடைவெளிகளும் நிறைய.

அவர் ஏன் எழுதினார்? என் ஊகம் ஒண்ணு இருக்கு. அவருக்கு மாமா முறையான நைனியப்பப் பிள்ளையும் புதுச்சேரியில தலைமை துபாஷியா இருந்தவர். 1716ல அவரைக் கைது பண்ணி, சவுக்கடி கொடுத்து, சொத்தைப் பறிச்சாங்க. அடுத்த வருஷம் ஜெயில்லயே இறந்து போனார். அப்போ ஆனந்த ரங்கருக்கு வயசு எட்டு. இப்படி ஒரு வீட்டுல வளர்ந்த பையனுக்கு, யார் எப்போ என்ன சொன்னாங்கன்னு நேரத்தோட குறிச்சு வைக்கணும்னு தோணியிருக்கும். நாங்க சர்வர்ல லாக் எழுதற மாதிரிதான். லாக் எழுதினதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரச்சினை வரும்போதுதான் அதைத் தேடுவோம்.

அவர் காலத்துல இது அச்சுல வரலை. 1846லதான் கலுவா மொம்ப்ரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சார். 1904ல இருந்து 1928 வரைக்கும் இங்கிலீஷ்ல 12 தொகுதியா வந்தது. இந்தப் பழக்கம் அவரோட நிக்கவும் இல்லை. அவர் குடும்பத்திலயே அடுத்த தலைமுறை எழுதினாங்க. இரண்டாம் வீரா நாயக்கர்னு ஒருத்தர் 1778 முதல் 1792 வரைக்கும் எழுதியிருக்கார்.

சரி, நம்ம ஸ்ட்ரீக் விஷயத்துக்கு வரேன். 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு எல்லா ரீல்ஸ்லயும் சொல்றாங்க இல்லையா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் முடிஞ்சவங்க புது முகத்துக்குப் பழக 21 நாளாவது ஆகுதுன்னு 1960ல ஒரு புத்தகத்துல எழுதினார். "குறைஞ்சது"ங்கிற வார்த்தை எங்கேயோ வழியில விழுந்துடுச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க குழுவும் 96 பேரை வச்சு செஞ்ச ஆய்வுல, ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் ஆகலாம்னு கணக்கு வந்தது. நடுவுல நிக்கிற எண் 66. எனக்குப் பிடிச்சது அதுல இருக்கிற இன்னொரு முடிவு. ஒரு நாள் விட்டுப் போனதால பழக்கம் உருவாகறது பெரிசா பாதிக்கப்படலை. என் ஆப் மட்டும் பூஜ்யம்னு காட்டியிருக்கு!

அதனால மறுபடி ஆரம்பிச்சப்போ, ஆறுல ஒண்ணு மட்டும் எடுத்தேன். கோடு போட்ட நாப்பது பக்க நோட்டு. எனக்கு ஆபீஸ் தரமணியில. காலையில ரயில் அண்ணனூர் தாண்டினதும் எழுதுவேன், ரெண்டு வரி. நேத்து என்ன நடந்தது, நேத்து எது புரியலை. உட்கார இடம் கிடைக்கலைன்னா எழுத மாட்டேன். ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடின்னு முதல்ல வச்சிருந்தேன், அது ஒரு வாரம்கூட ஓடலை. தூக்கத்தோட போட்டி போட முடியாது.

இதனால என்ன கிடைச்சது? போன அப்ரைசல் சமயத்துல, இந்த வருஷம் ஒண்ணுமே கத்துக்கலைன்னு மனசுக்குள்ள ஒரே புலம்பல். நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரியில ஒரு வரி: "கனெக்‌ஷன் பூல் எப்படி வேலை செய்யுதுன்னு புரியலை, மீட்டிங்ல கேட்க வெட்கமா இருந்தது." செப்டம்பர்ல ஒரு வரி: "புதுசா சேர்ந்த பொண்ணுக்குக் கனெக்‌ஷன் பூல் விளக்கினேன், அரை மணி நேரம்." நடுவுல எப்போ கத்துக்கிட்டேன்னு எனக்கு ஞாபகமே இல்லை. அது தெரியாம இருந்ததே ஞாபகம் இல்லை. அந்த ரெண்டு வரி இல்லைன்னா, ஒண்ணும் கத்துக்கலைன்னுதான் இன்னிக்கும் சொல்லிட்டிருப்பேன்.

நடையும் திரும்ப ஆரம்பிச்சிருக்கேன், ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் ரோடு பக்கமா. எண்ணறது இல்லை. ஆனா போன வாரம் பால் கணக்கு கூட்டறதுக்காகக் காலண்டரை எடுத்தப்போ பார்த்தேன், மூணு கட்டத்துல பாலுக்குக் கீழ சின்னதா "தம்பி நடை"ன்னு எழுதியிருக்காங்க.