கொரிய மொழியில் மரியாதைச் சொற்கள்

தமிழில் 'நீ' என்பதை 'நீங்கள்' ஆக்கி, வினைமுற்றையும் அதற்கேற்ப மாற்றினால் மரியாதை நிறைவுறும். கொரிய மொழியிலோ அது வாக்கியம் முழுவதும் பரவி நிற்கிறது. பாட்டி உணவருந்துவதைக் கூறுங்கால், சோற்றைக் குறிக்கும் 'பாப்' என்ற சொல் 'சின்ஜி' ஆகிறது. உண்ணும் வினையும் வேறாகிறது. எழுவாயின் உருபும் மாறுகிறது. இவை பாட்டிக்குரியவை. கேட்பவருக்குரிய மரியாதை வாக்கிய இறுதியில் தனியே அமையும். எனவே, தோழனிடம் பேசுகையில் பாட்டியை உயர்த்தியும், முடிவை எளிமையாகவும் சொல்லலாம்.

அகராதியில் 'நீங்கள்' என்பதற்குத் 'தாங்சின்' என்றிருக்கும். கணவன் மனைவியரிடையே வழங்கும் அச்சொல், சண்டையிலும் ஒலிப்பது. முதியவரிடம் கூறினால் அவமதிப்பாகும். அவரை உறவாலோ பதவியாலோ விளித்தலே முறை. அயலாரையும் அண்ணா, மாமி என்றழைக்கும் நமக்கு இவ்வழக்கம் புதிதன்று.