காசநோயும் சோற்றுத் தட்டும்



எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 42. அந்நோயைத் தீர்க்கும் ஐசோனியாசிட் மாத்திரை நோயாளிகளின் கைக்கு வந்தது 1952இல். அந்த நான்கு ஆண்டு இடைவெளியை நினைத்தாலே எனக்கு மனம் பதறும். மாத்திரை வந்து எழுபது ஆண்டு கழிந்த பிறகு, 2023இல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டிருக்கும் என்றும், 12.5 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த ஆண்டு நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 26 பேர் இந்தியாவில் இருந்தார்கள். இந்தோனேசியா, சீனா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான் ஆகியவற்றையும் சேர்த்தால் பாதியைத் தாண்டிவிடும்.

காற்றில் பரவும் நோயாயிற்றே, யாருக்கும் வரலாமே என்பார்கள். கிருமி யார் நுரையீரலுக்குள்ளும் போகும், உண்மைதான். உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு அந்தத் தொற்று ஏற்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தான். மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கிவைத்துவிடுகிறது. அந்தச் சக்தியைக் குலைப்பவை எவை? எச்.ஐ.வி., சர்க்கரை நோய், மது, புகை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளிக்கு, பாறை உடையும்போது பறக்கும் சிலிக்காத் தூசி. நெரிசலான சிறைகளில் இருப்பவர்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். இந்தியாவைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது போதிய உணவில்லாமை.

இதைச் சொல்லும்போது, சென்னையில் நடந்த ஓர் ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய்க்கான மருந்தாய்வு மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்றார். அதுவரை காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கோ அத்தனை படுக்கைகள் கிடையாது.

ஆய்வில் 193 பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, உழைப்பு, அரைகுறைச் சாப்பாடு. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959இல் முடிவுகள் அச்சானபின், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. ஏழையின் வீட்டு வாசலுக்கே வைத்தியம் போகும் என்று நிரூபித்த ஊர் நம்முடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் உலகம் அந்த ஆய்விலிருந்து தேவைக்கு மேல் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டது என்பது என் எண்ணம். குணமாக மருந்தே முக்கியம் என்றது ஆய்வு. சாப்பாடு ஒரு பொருட்டல்ல என்று அதைப் படித்துக்கொண்டார்கள். நோய் வராமல் காப்பதில் சாப்பாட்டுக்கு என்ன பங்கு என்பது அந்த ஆய்வு கேட்ட கேள்வியே அல்ல.

அந்தக் கேள்வியை ஜார்க்கண்டில் கேட்டார்கள். மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரோடு நம் சென்னை நிறுவனமும் சேர்ந்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சத்து மாத்திரையும். 2023இல் முடிவு வெளியானது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. தடுப்பூசி செய்ய வேண்டிய வேலையை அரிசியும் பருப்பும் செய்திருக்கின்றன!

நோயாளிக்கும் சாப்பாடு உயிர் காக்கும் விஷயம். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் செவிலியர் உயரத்தையும் எடையையும் பார்க்கிறார். விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார். காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். பிடிமானம் இல்லாமல் நிற்கச் சொல்கிறார். சில நிமிட வேலைதான். எலும்பும் தோலுமாய், நிற்க முடியாமல் வருபவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் சில வாரங்களில் இழந்துவிடுவோம்; அவரைப் படுக்கையில் சேர்த்து ஊட்டம் கொடுக்க வேண்டும் என்று இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கிறது.

நோயாளிக்கு மத்திய அரசு தந்துவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ஆகியிருக்கிறது, வரவேற்கிறேன். குடும்பத்தாருக்கான உணவுப் பெட்டகமோ, தர முன்வரும் கொடையாளர் கிடைப்பதைப் பொறுத்தது. அதை உரிமையாக்க வேண்டும். நம் மாநிலத்தில் ரேஷன் கடை இல்லாத வட்டாரம் இல்லை, அரிசியும் விலையில்லாமல் கிடைக்கிறது. குறைவது பருப்பும் முட்டையும் பாலும். ஒரு வீட்டில் காசநோய் உறுதியான அன்றே அந்த வீட்டு அட்டைக்குக் கூடுதல் பருப்பு பதிவாகட்டும். சிகிச்சை முடியும்வரை தலைக்கு ஒன்றரைக் கிலோ என்று தொடரட்டும். மருந்து கொடுக்கும் துறையும் அரிசி கொடுக்கும் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் முடிகிற காரியம். இந்த மேடையிலிருந்து அரசுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே.