பெண்பிள்ளைகளின் வயிற்றுநோவும் குடல்வளரியும்



பெண்பிள்ளை வயிறு நோகுதென்றால் மாதவிடாய் நோ என்று விட்டுவிடுகிறோம். குடல்வளரி அழற்சி அதற்குள் ஒளிந்துகொள்கிறது. பெருங்குடலின் தொடக்கத்தில் விரல்போலத் தொங்கும் அச்சிறு குழாயின் வாய் அடைபட்டால் வீங்கிச் சீழ்பிடிக்கும். நோ முதலில் தொப்புளைச் சுற்றி வரும். சில மணித்தியாலங்களில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். சத்தி, பசியின்மை, இலேசான காய்ச்சலும் சேரலாம். நோ இடம் மாறியதா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

பேதிமருந்து கொடுக்கவே வேண்டாம் (நம் வீடுகளில் முதல் வைத்தியமே அதுதான்!), குடல்வளரி வெடித்துவிடலாம். 1902இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவே இந்நோயால் பிற்போடப்பட்டது. சத்திரசிகிச்சையில் சீழை வெளியேற்றிய பின், ஓகஸ்டில்தான் முடிசூடினார். இன்று சிறு துளைகள் வழியாகவே குடல்வளரியை அகற்றலாம். சாப்பாடு கொடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.