உயிரைக் காக்கும் சின்ன விளக்கு



ரேடியோ பாடவில்லை என்றால், கோளாறு ரேடியோவிலா, பேட்டரியிலா? கண்டுபிடிக்கும் டெஸ்டரை நீங்களே செய்யலாம். மை தீர்ந்த பேனாக் கூடு, சிவப்பு எல்இடி, 1000 ஓம் ரெசிஸ்டர், இரண்டு வயர் போதும். எல்இடியின் நீண்ட காலோடு ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். அதுதான் பாசிட்டிவ் முனை. 9 வோல்ட் பேட்டரியில் வைத்தால் பளிச்சென்று எரியும். ரெசிஸ்டர் மின்னோட்டத்தைச் சுமார் 7 மில்லிஆம்பியருக்கு அடக்கி வைக்கிறது. அது இல்லாவிட்டால் எல்இடி கருகிப்போகும்.

ஆனால் தம்பி தங்கைகளே, இதைச் சுவர் பிளக்கில் செருகவே கூடாது! அங்கே 230 வோல்ட், ஆளைக் கொன்றுவிடும். அதற்குக் கடையில் வாங்கிய தரமான டெஸ்டர்தான், அதுவும் பெரியவர்கள் கையில். அதற்குள் ஒளிர்வது, 1898ல் லண்டனில் ராம்சேயும் டிராவர்சும் கண்டுபிடித்த நியான் வாயு.

பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையிலும் தோட்டத்திலும் உழைக்கும் பெற்றோர்களே, டெஸ்டர் எரியவில்லை என்றதும் மின்சாரம் இல்லையென்று நம்பிவிடாதீர்கள். டெஸ்டரே செத்திருக்கலாம். முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதியுங்கள்; பிறகு சந்தேகமான இடத்தில்; மறுபடியும் முதல் இடத்தில். வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடமே விடுங்கள். மூன்று முறை பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். போன உயிர் திரும்பாது.