நெடுந்தீவில் ஒரு நாள்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது வாலிபர் பன்னிருவர் அண்மையில் நெடுந்தீவுக்குச் சென்று, ஒரு பகல் முழுவதும் கால்நடையாகச் சுற்றி வந்தோம். அதுபற்றிச் சில வார்த்தை சொல்லும்படி தலைவர் பணித்தார்.

விடியற்காலையிற் புறப்பட்டு, பண்ணைப் பாலங் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்தோம். அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். மாவிலித்துறையில் இறங்கியதும், கோட்டை பார்க்கும் ஆவலில் எல்லோரும் விரைந்து நடந்தோம்.

போர்த்துக்கேயர் கட்டியதென்றும், பின்னர் ஒல்லாந்தர் கைக்கொண்டதென்றும் கூறப்படும் அக்கோட்டை முருகைக்கல்லால் ஆனது. கூரை போய்ச் சுவர்களே நிற்கின்றன. புறாக்கூட்டையும் பெருக்குமரத்தையும் பார்த்தோம். மட்டக்குதிரைகள் வெளியில் மேய்ந்தன. வெடியரசன் கோட்டை என மக்கள் வழங்கும் இடிபாட்டருகே, கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு வெடியரசன் பொருத கதையை நான் விரிவாகச் சொன்னேன். தம்பிமார் ஆவலோடு கேட்டனர். எனக்கும் சற்றுப் பெருமையாயிருந்தது.

பிற்பகற் படகுக்காகத் துறைக்குத் திரும்பினோம். அங்கே ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. காலையில் அதைக் கடந்தே போயிருந்தோம், ஒருவரும் நிற்கவில்லை. அதனருகே இருந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, "கோட்டையெல்லாம் பாத்தியளோ தம்பிமார்? இதையும் ஒருக்கா நிண்டு பாத்திட்டுப் போங்கோ. எங்கட அண்ணரும் அந்தப் போட்டிலை போனவர்" என்றார்.

1985 மே 15ஆம் நாள், இத்துறையிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே இதைச் செய்தனரெனத் தப்பியவர்கள் கூறினர். பழுது பார்க்கப்பட்ட அப்படகு மீண்டும் பல்லாண்டு இதே துறைக்கு ஓடியது. வேறு வழியில்லாத தீவு மக்கள் அதிலேயே ஏறிப் போய் வந்தனர்.

"அண்ணை, உங்களுக்கு இது முன்னமே தெரியுமோ?" என்று எங்களில் இளையவன் கேட்டான். தெரியும். ஆயினும் சொல்லவில்லை. மீகாமன் கதைக்கு அரைமணி நேரம் செலவிட்ட நான், நம் காலத்துத் துயருக்கு ஒரு நிமிடமும் வைக்கவில்லை. அவ்வெட்கமே இன்று என்னை இங்கு பேச வைத்தது.

யுத்தம் 2009இல் முடிந்தது. அதன்பின் பிறந்தவர்கள் இன்று நமது சங்கத்தில் இருக்கிறார்கள். கண்டவர்களோ மூப்படைந்து வருகிறார்கள். பெரியோர்களே, நெஞ்சு நோகுமென்று மறைக்காது, நீங்கள் கண்டதை இப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பகை வளர்ப்பதற்கன்று, போனவர்கள் பெயரற்றுப் போகாதிருப்பதற்கே கேட்கிறேன்.

தம்பிமாரே, அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திய கையர். வரும் ஆண்டும் நெடுந்தீவு செல்வோம். துறையடியைக் கூட்டித் துப்புரவாக்குவோம். அம்மூதாட்டி போன்றோரின் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதிக்கொள்வோம். கோட்டையை அதன்பின் பார்க்கலாம்.