வெள்ளிக்கும் ஒரு நோட்டு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சேலம் என்றால் மாம்பழம். அடுத்தது வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் நம் உறுப்பினர்கள் பலர் சமையலை முடித்துவிட்டு வீட்டிலேயே வளையம் கோக்குறாங்க, மணி வைக்கிறாங்க, பத்த வைக்கிறாங்க.

இது லேசான வேலை இல்லைங்க. எகிப்தில் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னரின் தாயார் ஹெடெபெரஸ். 1925-ல் கீசாவில் கண்டுபிடித்த அவரது கல்லறையில் வெள்ளிக் காப்புகள் கிடைத்தன. சுமார் 4,500 ஆண்டு பழசு. பட்டாம்பூச்சி வடிவில் நிறக்கற்கள் பதித்தவை. வெள்ளியைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துச் செய்திருக்கிறார்கள் என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நம்ம பட்டறையிலும் அதே பக்குவம்தானே!

ஆனா ஒன்று. காப்பு போட்ட ராணியின் பேர் தெரியும். செய்த கையின் பேர் தெரியாது. நம் கதையும் அப்படித்தான் இருக்கு. உழைப்பு இருக்கு, எழுத்து இல்லை.

நம் குழு உறுப்பினர் ஒருவருக்கு நடந்தது இது. முடித்த கொலுசைக் கொடுக்கப் போனார். "12 கிராம் குறையுது" என்று கூலியில் பிடித்துக்கொண்டார்கள். 2025-லேயே வெள்ளி கிராம் 100 ரூபாயைத் தாண்டியாச்சு. ஒரு வாரக் கூலி போச்சு. வாங்கும்போது எத்தனை கிராம் என்று கேட்டோம். "அவங்க சொன்னாங்க, நான் வாங்கினேன்" என்றார்.

குழுவில் 10 ரூபாய் சேமிப்புக்கும் நோட்டு வைக்கிறோம். வெள்ளிக்கு ஏன் வைக்கக் கூடாது?

எழுத வேண்டியது இவ்வளவுதான்: தேதி, வாங்கிய வெள்ளி, பற்று வைக்கத் தந்த பொடி, திருப்பித் தந்த கொலுசு, தூள் - துண்டு, பேசிய சேதாரம். உதாரணமா, வெள்ளியும் பொடியும் சேர்த்து வாங்கியது 500 கிராம். தந்த கொலுசு 470, தூள் - துண்டு 24. குறைவு 6. பேசிய சேதாரம் 5 என்றால் நம் பொறுப்பு 1 கிராம் மட்டுமே. பொடியின் எடையை விட்டுவிட்டால் கணக்கே புரண்டுவிடும். தராசு நம் கண் முன்னால் நிற்கட்டும். கொடுத்தவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

தனியாகக் கேட்கத் தயக்கமா? குழுவாகப் போவோம். எழுதத் தெரியாதவருக்கு ஊக்குநர் எழுதித் தரட்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்பு நோட்டோடு வெள்ளி நோட்டையும் கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.